கிழக்கே பத்து, மேற்கே நாலு

“ஒரிஜினல்! சார், ஒரிஜினல்!”

கையில் ஒரு தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் அக்கா தெருவில் ஓடுகிறார். முன்னால் போகும் மனிதர், தன்னை யாரும் கூப்பிட நியாயமில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக நடக்கிறார். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் அக்கா அவரை மடக்கிவிட்டார். “நகலை எல்லாம் பத்திரமா கவர்ல போட்டுக்கிட்டீங்க. பிறப்புச் சான்றிதழை என் மெஷினுக்குள்ள விட்டுட்டுப் போறீங்களே! நீங்க பொறக்கவே இல்லன்னு சொல்லிடுவாங்க சார்” என்று மூச்சு வாங்கக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். ஒரு நாளைக்கு இப்படி நாலைந்து ஓட்டம் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னபோது, “நடக்கறதுக்கு எங்க டாக்டர் நேரம், ஓடறதுக்கே சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

மனிதர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் மறக்கிறார்கள் என்பது அக்கா இருபது வருடத்தில் கண்ட உண்மை. நகல் சூடாக வெளியே வந்ததும் கண் அதன்மேல் போய்விடும். மூடிக்குள் கவிழ்ந்து கிடக்கும் அசல் யாருக்கும் நினைவிருக்காது. வக்கீல் மறக்கிறார், வாத்தியார் மறக்கிறார், ஞாபகசக்திக்கு வகுப்பு எடுப்பவர் இரண்டு தடவை மறந்திருக்கிறார். ஓடியும் பிடிக்க முடியாதவர்களின் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அதில் ஒரு பட்டச் சான்றிதழ் எட்டு வருடமாகக் காத்திருக்கிறது. “படிச்சதே மறந்துபோச்சு போல, பாவம்” என்று மாதம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வலது கை விரல் நுனிகளில் மை ஏறி, சோப்புக்கு மசியாமல் நிரந்தரமாகிவிட்டது. காகிதக் கட்டைப் பிரித்தால் ஒரு தடவை விசிறி, நாலு பக்கமும் மெஷின் கண்ணாடியில் தட்டி, பிறகுதான் தட்டில் வைப்பார். மெஷினுக்கும் அவருக்கும் ஏறக்குறைய இருபது வருடக் குடித்தனம். தாள் சிக்கிக்கொண்டால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, “வாயத் திற ராசாத்தி, வலிக்காது” என்று கொஞ்சியபடி இழுப்பார். கொஞ்சலுக்கு மசியாவிட்டால் இடது பக்கம் ஒரு அறை. அதற்கு மசியாத நாளே இல்லை.

தெருவில் யாருக்குப் பெண் பார்த்தார்கள், யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் வேலையை விட்டார், எல்லாமே அந்தக் கண்ணாடி வழியாகப் போவதுதான். அக்கா அத்தனையும் படிப்பார். தலைகீழாக இருந்தாலும் படிப்பார். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. “கண்ணு படிக்கும், வாய் படிக்காது. அதுதான் நம்ம தொழில் தர்மம்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது.

வாய் படிக்காதே தவிர, திட்டும். திட்டுவதற்கென்றே நேர் எதிரில் ஒருவர் வாய்த்திருந்தார். வெல்டிங்காரர். அவர் பட்டறையில் இரும்பில் தீப்பொறி பறந்தால் இந்தப் பக்கம் மின்சாரம் ஒரு நொடி சோர்ந்துபோகும். அந்த நொடியில் மெஷினில் எந்தத் தாள் இருக்கிறதோ, அதன் குறுக்கே கட்டை விரல் அகலத்துக்குக் கருப்புப் பட்டை விழும். கல்யாணப் பத்திரிகையிலேயே ஒரு தடவை, சரியாக மாப்பிள்ளை பெயரின் மேல் விழுந்தது. “யோவ் வெல்டிங்! மாப்பிள்ளையவே அழிச்சிட்டியேய்யா!” என்று அக்கா வாசலில் நின்று கத்த, அவர் கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “கரண்டு என்ன உங்க வீட்டுச் சொத்தாம்மா?” என்று திருப்பிக் கத்த, அன்று ஆரம்பித்தது. ஆறு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு வாகனம் போகும் அகலம்தான். அதைத் தாண்டி ஒருவர் கடையில் இன்னொருவர் கால் வைத்ததில்லை.

இந்த நிலைமையில்தான் தெருவை அகலப்படுத்த அரசாங்கம் முடிவு செய்தது. கிழக்கு வரிசையில் அக்காவோடு சேர்த்துப் பதினாலு பேர், மேற்கு வரிசையில் வெல்டிங்காரரோடு சேர்த்துப் பதினாலு பேர். ஒவ்வொருவரும் முன்பக்கம் எட்டடி கொடுக்க வேண்டும். சதுர அடிக்கு இன்ன விலை என்று போட்டு எல்லாருக்கும் நோட்டீஸ் வந்தது. அக்காவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் எட்டடி போனாலும் பின்பக்கம் பன்னிரண்டடி மிச்சம் இருந்தது. போட்டிருந்த விலையும் நியாயமாக இருந்தது. “மெஷினைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிட்டாப் போச்சு. வர்ற பணத்துல புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்” என்று கணவரிடம் சொன்னார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அன்று மாலையே எங்கிருந்தோ நாலு கம்பெனி மெஷின்களின் படம் போட்ட காகிதங்களை வாங்கி வந்துவிட்டார். அக்கா அவற்றை மடியில் பரப்பி வைத்துப் புரட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே, மகளுக்கு வரன் பார்ப்பவர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

நோட்டீஸோடு ஒரு சம்மதப் படிவமும் வந்திருந்தது. பதினைந்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டு, அசல் நோட்டீஸையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால், போட்ட விலை போட்டபடி ஒரு மாதத்தில் கைக்கு வரும். அதை யாரும் மாற்ற முடியாது. ஆட்சேபம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடாமல் விசாரணைக்கு வரலாம். கிழக்கு வரிசையில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? மருந்துக்கடைக்காரர் முதல் நாளே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “எல்லாரும் ஒண்ணாப் போய்க் குடுத்துடலாம்” என்று தேதி குறித்தார்.

அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வெல்டிங்காரரின் மனைவி நகல் எடுக்க வந்தார். அவருக்கும் அக்காவுக்கும் சண்டை கிடையாது. “அது ஆம்பளைங்க சண்டை அக்கா” என்பார் அவர். அந்தச் சண்டையின் ஒரு பக்கம் அக்காவே நிற்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, எல்லாரையும்போல அசலை மறந்துவிட்டுப் போனார்.

அக்கா மூடியைத் தூக்கினார், தாளை எடுத்தார், “ஒரிஜினல்!” என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் படித்துவிட்டது. அதே தெரு, அதே எட்டடி, அதே அதிகாரியின் கையெழுத்து. விலை மட்டும் வேறு. முழுத் தொகையை எழுதிக் குழப்ப வேண்டாம். தெரு பிற்பாடு சுருக்கி வைத்துக்கொண்ட கணக்கிலேயே சொல்வதானால், கிழக்கே பத்து என்றால் மேற்கே நாலு. நில வகை என்ற இடத்தில் அக்காவின் நோட்டீஸில் ‘கடை’ என்று இருந்தது. வெல்டிங்காரருடையதில் ‘தோட்டம்’ என்று இருந்தது.

இரும்புத் தூள் பறக்கும் அந்தப் பட்டறையைப் பார்த்துத் தோட்டம் என்று எழுத ஒருவருக்கு மனம் வருமா? வரும். எழுதியவர் பட்டறையைப் பார்க்கவில்லை, பழைய புத்தகத்தைப் பார்த்தார். ஒரு காலத்தில் அந்த வரிசையில் கத்தரிக்காய் போட்டிருந்தார்களாம். புத்தகத்தில் அந்தக் கத்தரிக்காய் இன்னும் வாடவில்லை.

மறந்ததை எடுக்க வெல்டிங்காரரின் மனைவி திரும்பி வந்தார். அக்கா தாளை உடனே நீட்டவில்லை. இருபது வருடத்தில் ஒருவர் தாளைப் பற்றி இன்னொருவரிடம் பேசியதில்லை. இப்போதும் பேசப் போவதில்லை. ஆனால் தன் தாள் தன்னுடையதுதானே? இழுப்பறையைத் திறந்து தன் நோட்டீஸை எடுத்து, கண்ணாடி மேல் அவர்களுடையதன் பக்கத்தில் வைத்தார்.

“இது என்னோடது. நீயே படிச்சுப் பாரும்மா.”

அந்த அம்மாள் படித்தார். இரண்டு முறை படித்தார். “எங்களுக்கு மட்டும் ஏன்க்கா?” என்று கேட்டபோது குரல் கம்மிவிட்டது.

மறுநாள் காலை தெரு விழித்தபோது ஜெராக்ஸ் கடையின் வாசலில் அக்காவின் நோட்டீஸ் நாலு மடங்கு பெரிதாகி ஒட்டப்பட்டிருந்தது. விலை எழுத்து மட்டும் உள்ளங்கை அளவு. மேற்கு வரிசை மொத்தமும் தத்தம் தாளோடு வந்து கூடிவிட்டது. கிழக்கு வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் வேகமாக வந்தார்.

“என்ன அக்கா இது, வெட்டவெளியில போட்டு உடைச்சிட்டீங்க!”

“என் காகிதத்தை ஒட்டறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?”

“அவங்க சமமா வேணும்னு கிளம்புவாங்க. அப்புறம் நமக்கும் நாலுன்னு ஆக்கிட்டா?”

“ஆக்குவாங்களா?”

“ஏன் ஆக்க மாட்டாங்க? ஏத்தறதைவிட இறக்கறது அவங்களுக்குச் சுலபம்.”

அதில் உண்மை இருந்தது. அன்றே கிழக்கு வரிசையில் பதின்மூன்று பேர் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டு, அசல் நோட்டீஸையும் ஒப்படைத்து, பத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவரவருக்கு அவரவர் கவலை. மிச்சம் இருந்தது அக்கா ஒருவர்தான். கையெழுத்துப் போட்டவர்களுக்கு விசாரணையில் பேச இடம் இல்லை. கிழக்கு வரிசையின் அசல் நோட்டீஸ் ஒன்றாவது மேஜையில் இருந்தால்தான் மேற்கு வரிசையின் பேச்சு எடுபடும். அதைக் கொண்டுபோனால், இறக்குவதாக முடிவானால், இறங்கப்போவது கிழக்கில் அக்காவின் விலை ஒன்றுதான்.

மறுநாள் கடையைத் திறக்கும் முன் கணவர் வேன் சாவியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். “அந்தாளு உன்ன ஆறு வருஷமா என்னென்ன பேசியிருக்கான். அவனுக்காகவா?”

“அவருக்காக ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான்.”

“புரியல.”

“தினம் எதிர்ல நின்னு சண்டை போடணும்ல? நான் பத்து வாங்கிட்டு அவர் நாலு வாங்கினா, அவரைப் பார்த்தாலே எனக்குப் பாவமா இருக்கும். பாவம் பார்த்துக்கிட்டு எப்படிங்க ஒருத்தரைத் திட்டறது?”

கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “பயமாத்தான் இருக்கு. ஆனா கையெழுத்துப் போட உக்காந்தா கை வரமாட்டேங்குது” என்றார். கணவர் மெஷின் படங்களை மடித்து வேனின் முன் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

விசாரணைக்கு அக்கா தயாரான விதம் அவருக்கே உரியது. மனு எழுதச் சொன்னார்கள். “எழுதினா யாரு படிக்கறா? பார்க்கணும், பார்த்ததும் தெரியணும்” என்றார். மேற்கு வரிசையின் பதினாலு நோட்டீஸையும் கால் அளவாகச் சுருக்கினார். தாள்களை நீளமாக ஒட்டி, நடுவில் தெருவை வரைந்து, அவரவர் வாசல் இருக்கும் இடத்தில் அவரவர் நோட்டீஸை ஒட்டினார். பிறகு ஒவ்வொருவரிடமும், “சொத்து வரி ரசீது கொண்டாங்க” என்றார். வருடா வருடம் அந்த ரசீதுகளை நகல் எடுத்தவருக்கு அதில் என்ன இருக்கும் என்று தெரியும். பதினாலு ரசீதிலும் ‘கடை’ என்றே இருந்தது. கடைக்கான வரிதான் அத்தனை வருடமும் வாங்கியிருந்தார்கள். நோட்டீஸுக்குக் கீழே ரசீதுகளை ஒட்டினார். கிழக்கு வரிசையில் ஒட்ட அவருடையது ஒன்றே ஒன்று. மற்ற பதின்மூன்று கட்டங்களையும் வெறுமையாக விட்டார்.

இந்த வேலை நடந்த நாள் முழுக்க மெஷினில் ஒரு கருப்புப் பட்டைகூட விழவில்லை. அக்கா சந்தேகப்பட்டு நிமிர்ந்து பார்த்தால், எதிரே வெல்டிங்காரர் பட்டறையை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தெருவை வெறித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பொறுக்க முடியாமல், “முடிஞ்சுதா இல்லையா? என் இரும்புக் கேட்டு வேலை அப்படியே நிக்குது!” என்று கத்தினார்.

“நிக்கட்டும்! கேட்டு நிக்கத்தான்யா செய்யும்!” என்று அக்கா திருப்பிக் கத்தினார். ஆறு வருடத்தில் அவர்கள் பேசிய மிக நல்ல பேச்சு அதுதான் என்று வெல்டிங்காரரின் மனைவி இன்றைக்கும் சொல்கிறார்.

விசாரணை அறையில் ஒரு நீளமான மேஜை, ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மாள். அக்கா சுருளைப் பிரித்தால் மேஜை போதவில்லை. ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டார். மறுமுனை தொங்கியது. பின்னால் நின்ற வெல்டிங்காரர் கையைச் சட்டையில் நாலு தடவை துடைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். அதிகாரி எழுந்து வந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெருவைச் சுற்றிப் பார்ப்பவர்போல மெதுவாக நடந்தார்.

“இந்தக் கட்டம் எல்லாம் ஏன் காலியா இருக்கு?”

“அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க மேடம்.”

“நீங்க?”

“போடல.”

அதிகாரி மேற்கு வரிசையின் பக்கம் குனிந்தார். அக்கா பொறுக்க முடியாமல் ஆரம்பித்துவிட்டார். “பாருங்க மேடம், மேல இருக்கறதும் அரசாங்கம் குடுத்த காகிதம், கீழ இருக்கறதும் அரசாங்கம் குடுத்த காகிதம். வரி வாங்கறப்போ கடை, நிலம் வாங்கறப்போ தோட்டமா? இத்தனை வருஷமா அந்தத் தோட்டத்துல இரும்புக் கேட்டுதான் மேடம் வெளையுது!”

அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரிக்கும் வந்தது. அதை அடக்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க கேக்கறது நியாயம்தான். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே விலைன்னு நான் எழுதிடறேன். ஆனா அது பத்தா, நாலா, நடுவுல ஏதாவதான்னு மேலதான் முடிவு பண்ணுவாங்க. சமம்னா ஏத்தித்தான் ஆகணும்னு இல்லம்மா. உங்களை இறக்கியும் சமமாக்கலாம். அது தெரியுமா உங்களுக்கு?”

சிரிப்பு நின்றுவிட்டது. சுருளின் மறுமுனை லேசாக ஆடியது. வெல்டிங்காரர் அக்காவையே பார்த்தார்.

“தெரியும் மேடம்” என்றார் அக்கா. “தெரிஞ்சுதான் வந்தேன். ஆனா இறக்கினீங்கன்னா ஒண்ணு. இதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். அப்புறம் சேர்ந்து உங்ககிட்ட சண்டைக்கு வருவோம்.”

“நானும் வருவேன்” என்றார் வெல்டிங்காரர். அந்த அறையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். கிழக்கு வரிசையின் மற்ற பதின்மூன்று பேருக்கும் பணம் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் புதுக் கண்ணாடி அலமாரி போட்டார். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், “ஏதாவது தெரிஞ்சுதாக்கா?” என்று அவர் கேட்பதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. அக்கா வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் தபால்காரரின் மணி கேட்டால் மட்டும் கை நின்றுவிடும். ஒரு நாள் பத்து நகல் கேட்டவருக்கு நாற்பது எடுத்துக் கொடுத்துவிட்டார். பட்டறையிலிருந்து கருப்புப் பட்டைகள் பழையபடி விழ ஆரம்பித்திருந்தன. அக்காவும் பழையபடி கத்தினார். ஆனால் கத்தலில் பழைய காரம் இல்லை என்று தெருவே பேசிக்கொண்டது. வெல்டிங்காரருக்கே அது பிடிக்கவில்லை. “உடம்பு கிடம்பு சரியில்லையா அந்தம்மாவுக்கு?” என்று மனைவியிடம் கேட்டாராம்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் அதிகமான வேளையில் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். அக்கா கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஊரார் காகிதத்தை எல்லாம் தலைகீழாகப் படிப்பவருக்குத் தன் பெயருக்கு வந்த உறையைக் கிழிக்கத் தைரியம் வரவில்லை. “பிரிங்கக்கா” என்றார்கள் வரிசையில் நின்றவர்கள். அக்கா காதில் விழவில்லை. தபால்காரர் அதேபோல இன்னொரு உறையோடு தெருவைக் கடந்து பட்டறைக்குள் நுழைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெஷின் மூடியைத் திறந்தபடியே போட்டுவிட்டு, இறங்கி, தெருவைக் கடந்து, நேராகப் பட்டறைக்குள் போய்விட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவை. வெல்டிங்காரர் உறையைக் கிழித்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததா, எழுத்துதான் கலங்கியதா தெரியவில்லை. “எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்களே படிங்க” என்று நீட்டினார்.

அக்கா முதல் வரியிலிருந்து படித்தார். பெயர், கதவு எண், எட்டடி. நில வகை: கடை. விலை என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு விரலை அதன் கீழ் வைத்து, இலக்கத்தை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“பத்து!”

“பத்தா?”

“பத்துதான்யா! முழுசாப் பத்து!”

வெல்டிங்காரர் பாதி முடிந்த கேட்டின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டார். சத்தம் கேட்டு மேற்கு வரிசை முழுக்க வாசலுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் மருந்துக்கடைக்காரர்கூட இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார். கலாட்டா கொஞ்சம் அடங்கியபோது வெல்டிங்காரர்தான் அதைக் கவனித்தார். அக்காவின் கையில் அக்காவுக்கு வந்த உறை ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

“உங்களத இன்னும் பிரிக்கவே இல்லையேம்மா. பிரிச்சுப் படிங்க.”

“அதான் படிச்சாச்சே” என்றார் அக்கா. பிரிக்காத அந்த உறையால் முகத்துக்கு விசிறிக்கொண்டே தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனார்.